பல் பிடித்துப் பார்க்காத வண்டி

துடைத்து முடித்து வண்டியை வெயிலில் நிறுத்தியதும், வண்டிக்காரர்கள் வந்து முதலில் என்ன பார்ப்பார்கள் தெரியுமா? தங்கள் மூஞ்சியை. பானட்டின்மேல் குனிந்து, நெற்றி முடியை ஒதுக்கி, மீசையை ஒரு தடவை நீவிவிட்டுக்கொண்டு, அப்புறம்தான் "பரவால்லப்பா, நல்லா வந்திருக்கு" என்பார்கள். எது நல்லா வந்திருக்கிறது, வண்டியா மீசையா என்று கேட்க எனக்கு நாக்கு துருதுருக்கும். கேட்டதில்லை. சிரித்துவிட்டு ஈரத்துணியைப் பிழிவேன்.

பதினோரு வருடமாக இதுதான் என் பிழைப்பு. கொல்லிமலையின் எழுபது வளைவும் ஏறி முடித்து, பிரேக் கருகிய நாற்றத்தோடு கார்கள் வந்து நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி என் ஷெட் இருக்கிறது. நாலு இரும்புத் தூண், மேலே தகரம், ஊற்றிலிருந்து ஓஸ் போட்டு இழுத்த தண்ணீர், பாலிஷ் போடுகிற ஒரு பஃபிங் மெஷின். அதற்கு முன்னால் ஒன்பது வருடம் மலைக்குக் கீழே ஒரு டவுனில் பெயிண்டிங் பட்டறையில் இருந்தேன். டிங்கரிங் முடிந்து வருகிற வண்டிக்குப் பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமர் அடித்து, கலர் அடித்து, அதன்மேல் நிறமில்லாத கிளியர் கோட் அடித்து அனுப்புவோம். பட்டி என்பது சாந்து போல ஒரு பசை. தகரம் நசுங்கிய பள்ளத்தை அதை வைத்துத்தான் நிரப்புவார்கள். மனசாட்சி இல்லாதவர்கள் துரு தின்ற ஓட்டையையும் அதை வைத்தே அடைப்பார்கள். ஆகவே பளபளப்பைப் பற்றி என்னிடம் யாரும் கதை அளக்க வேண்டாம். அது எதனால் ஆனது, எத்தனை நாள் நிற்கும், அடியில் என்ன கிடக்கிறது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

வெள்ளை வண்டிக்காரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளையில் வாக்ஸ் போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான். கதவின் விளிம்பிலும் பானட்டின் வளைவிலும் ஒரு கோடு வெளிச்சம் கூடும், அவ்வளவே. ஆனால் அந்த மனிதர் தூரப் போய் நின்று, பக்கத்தில் வந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "இப்பத்தான் டெப்த் தெரியுது" என்பார். சுண்ணாம்பு அடித்த சுவரில் ஆழம் பார்க்கிறவரை என்ன செய்வது? சில்வர் நிறம் சோம்பேறிகளுக்கென்றே கண்டுபிடித்தது. ஒரு மாதத் தூசி ஏறியிருந்தாலும் தெரியாது, கழுவினாலும் தெரியாது. சிவப்பு நாலு கோடை தாங்காது. முதலில் கூரை வெளுக்கும், பிறகு பானட், கடைசியில் விரலால் தொட்டால் ரோஸ் நிற மாவு ஒட்டும். அந்த மாவைத் தேய்த்து எடுத்தால் அடியில் பழைய சிவப்பு அப்படியே இருக்கும். அதைப் பார்த்ததும் நான் ஏதோ மந்திரம் போட்டுவிட்டேன் என்று வாயைப் பிளப்பார்கள். பேர்ல் என்று ஒன்று இருக்கிறது. நிழலில் தயிர் நிறம், வெயிலில் புறாக்கழுத்து. அதை வாங்கினவர்கள் வெயிலைத் தேடித் தேடி நிறுத்துவார்கள், பிறகு பெயிண்ட் வெளுக்கிறது என்று அழுவார்கள்.

மேட் ஃபினிஷ் எல்லாவற்றையும்விடப் பெரிய கூத்து. புது வண்டி வாங்கி, அதிலிருக்கிற மினுமினுப்பை எல்லாம் எடுத்துவிட்டு, புழுதியில் புரண்ட எருமை மாதிரி ஆக்கி ஓட்டி வருகிறார்கள். அதற்குத் தனித் துணியாம், தனி சோப்பாம். "வாக்ஸ் பட்டுடக் கூடாதுண்ணா" என்று பத்து தடவை எச்சரிக்கை வேறு. மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை ஒரு நாடு என்போம். எங்கள் குண்டனி நாட்டில் ஓடுகிற பிக்கப் எல்லாமே மேட் ஃபினிஷ்தான். ஒருவரும் அதற்கென்று மெனக்கெடவில்லை.

டப்பாக்களின்மேல் எழுதியிருப்பதைப் படித்தால் இன்னும் எரிச்சல் வரும். கண்ணாடி ஃபினிஷ், ஷோரூம் ஃபினிஷ், வெட் லுக். வெட் லுக் என்றால் வண்டி எப்போதும் நனைந்தது போலவே தெரிய வேண்டுமாம். எங்கள் மலையில் வருடத்தில் பாதி நாள் மேகம் தரையில் நடக்கிறது. துணி காயாது, மிளகு காயாது, செருப்புக்குள் பூஞ்சணம் பிடிக்கும். இங்கே வண்டியை நனைந்தது மாதிரி காட்டுவதற்கு ஒரு டப்பா எதற்கு? வெளியே நிறுத்தினால் போதாதா? ஒருவர் கழுவி முடித்த வண்டியின்மேல் அரை மணி நேரம் தண்ணீர் தெளித்துத் தெளித்து, அது முத்து முத்தாக உருண்டு ஓடுவதைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே சேப்பங்கிழங்குச் செடி நின்றது. அதன் இலையிலும் அப்படித்தான் ஓடியது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கறுப்பையும் கருநீலத்தையும் நான் மதிப்பேன். அவை ஒன்றையும் மறைக்காது. அழுக்குத் துணியால் துடைத்த வண்டி என்றால், வெயிலில் நிறுத்திப் பார்க்கும்போது சூரியனைச் சுற்றி வட்ட வட்டமாக மெல்லிய கீறல் ஓடும். மறுபடி பெயிண்ட் அடித்த கதவு என்றால், நேராகப் பார்க்கும்போது ஒரே நிறமாக இருக்கும், சாய்ந்து பார்க்கும்போது ஒரு சாயல் பச்சை தட்டும். கிளியர் கோட் சரியாகப் படியாத இடத்தில் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கும், அதில் தெரிகிற மரம் நடுங்கும். பார்க்கத் தெரிந்தவனுக்கு எல்லாமே தெரியும். அதைத் தெரியாமல் ஆக்க என்னைப் போல ஓர் ஆள் வேண்டும். பாலிஷில் எண்ணெயும் மெழுகும் இருக்கிறது. அது எந்தக் கீறலையும் ஆற்றாது. கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நாலைந்து மழை போனால் எழுந்து போய்விடும். அதற்குள் வண்டி கை மாறியிருக்கும்.

எங்கள் அக்காவை எடப்புளி நாட்டில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவளுக்கு இரண்டு வருடமாகக் கிட்னி வேலை செய்யவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் கீழே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். போகும்போதாவது பரவாயில்லை. திரும்பும்போது உடம்பில் சத்தே இருக்காது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தாலும், எழுபது வளைவிலும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்ந்து, வாந்தி எடுத்து, இறங்கும்போது அவளை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும். மூன்று தடவை "இனிமே நான் போகலீங்க, உட்ருங்க" என்று சொல்லிவிட்டாள். மாமா, அதாவது அவள் வீட்டுக்காரர், கெஞ்சித்தான் கூட்டிப் போனார். அவர் அந்தக் காலத்தில் மரவள்ளிக்கிழங்கு லோடு பிக்கப் ஓட்டியவர், மலை ரோடு அவருக்குப் பழக்கம். பின்சீட்டில் அவளைப் படுக்கவைத்துக் கொண்டுவர ஒரு கார் கிடைத்தால் போதும் என்று தவியாய்த் தவித்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, உன் ஷெட்டுக்கு எத்தன வண்டி வருது. நல்லதா ஒண்ணு வந்தா சொல்லு" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார்.

"அவசரப்படாதீங்க மாமா. பளபளன்னு இருக்கறதப் பாத்து ஏமாந்துறாதீங்க. நான் பாத்துச் சொல்றேன்" என்பேன். சொன்னேனே தவிர, தேடவில்லை. வருகிற வண்டிகளை எல்லாம் இது சொத்தை, அது ஓட்டை என்று மனசுக்குள் தள்ளிக்கொண்டே இருந்தேன். எனக்கு எதுவும் பிடிக்காது, அதுதான் என் குணம்.

எங்கள் பக்கம் ஒரு பழக்கம் இருக்கிறது. கீழ்நாட்டுத் தரகன் மாடு ஓட்டி வந்தால் வாயைத் திறந்து பல்லைப் பிடித்துப் பார்ப்போம், சுழி பார்ப்போம், நடக்கவிட்டுப் பார்ப்போம். கொண்டான் கொடுத்தான் வீட்டு மாடு என்றால் கயிற்றை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிட வேண்டும். பல்லைப் பிடித்தால் அவன் மூஞ்சியில் அடித்தது மாதிரி. சொந்தக்காரன் கை பட்ட பொருளைச் சோதிப்பவனுக்கு அந்த வீட்டில் அப்புறம் சோறு கிடையாது. போன வருடம் மாமாவிடம் ஒரு பசு வாங்கினேன். வாயைத் திறந்து பார்க்கவில்லை. அது இன்றைக்கும் நன்றாகக் கறக்கிறது.

தை கழிந்து மாசி வெயில் ஏறும் சமயத்தில் அந்தக் கருநீல வண்டி ஷெட்டுக்கு வந்தது. கொண்டுவந்தவர் இங்கே ஓர் ஆபீஸில் வேலை பார்த்தவர், கீழ்நாட்டுக்காரர், மாற்றல் ஆகிப் போகப் போகிறவர். அதற்கு முன்னால் கடலோர ஊரில் ஆறு வருடம் இருந்தாராம். வண்டியும் அங்கேயே ஆறு வருடம் நின்றிருக்கிறது. தூரத்திலிருந்து பார்க்க அழகான வண்டிதான். நிழலில் கறுப்பாகத் தெரியும், வெயில் பட்டால் உள்ளேயிருந்து நீலம் எழும்பும். உள்ளே தூவியிருக்கிற வெள்ளித்தூள் கண்ணை மூடித் திறக்கிற மாதிரி மினுங்கும். கிட்டே போய்ப் பார்த்தேன். இடது பக்கம் இரண்டு கதவும் மறுபடி அடித்தவை. கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற தகரத்தில், ரன்னிங் போர்டு என்போம், தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல் ஓடியது. தகரம் அப்படி விரியாது. விரிகிறதென்றால் அது பட்டி.

விரல் முட்டியால் தட்டினேன். தகரம் டங்கென்று சொல்லும். இது பொத் பொத்தென்றது. பின்சீட்டுக்கு முன்னால் மிதியடியைத் தூக்கினேன். தரைத் தகரத்தைத் துரு தின்றுவிட்டிருந்தது. அதன்மேல் ஏதோ நாரை வைத்து, பட்டி பூசி, கறுப்பு அடித்து மூடியிருந்தார்கள். சீட்டைப் பிடித்திருக்கிற போல்ட் அந்தப் பட்டிக்குள்தான் நின்றது. வளைவில் வண்டி முறுக்கிக்கொண்டால் ஒருநாள் சீட்டோடு பெயர்ந்து வரும்.

"சார், இதுக்குப் பாலிஷ் பத்தாதுங்க. வெட்டி எடுத்துட்டுத் தகடு வெச்சு வெல்டிங் பண்ணோணுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "தம்பி, வாங்கறவன் மலைக்காரன். பளபளன்னு இருந்தா போதும், வேற ஒண்ணும் பாக்கத் தெரியாது. நீங்க உங்க வேலைய மட்டும் பாருங்க."

எதிரே நிற்பவனும் மலைக்காரன்தான் என்பது அவருக்கு நினைவில்லை. நான் பல்லைக் காட்டினேன். எனக்கும் அதைச் சொல்லத் தோன்றவில்லை. சுருக்கென்று குத்தாமல் இல்லை. ஆனால் அந்த மனிதர் சொன்னது உண்மைதானே என்று பட்டது. எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன், டயர் கறுப்பாக மின்னினால் எஞ்சின் நன்றாக இருக்கும் என்று நம்புகிறவர்களை. பளபளப்பைப் பார்த்து வாங்குகிறவன் ஏமாறட்டும், அவனுக்கு அதுதான் பாடம் என்று நினைத்தேன். மாமா ஞாபகமும் வந்தது. இந்த வண்டியை அவரிடம் சொல்லிவிடக் கூடாது, இது நமக்கு ஆகாது, வேறு எவனாவது இளிச்சவாயன் வாங்கிக்கொள்வான் என்று ஒரு தடவை மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அதை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன்.

மூன்று நாள் வேலை. அது கேவலமான வேலை என்று தெரிந்தே செய்தேன், ரசித்தும் செய்தேன். விரிசலைக் கீறிப் பட்டி வைத்தேன். கருநீலத்தை நானே கலந்தேன். சாய்ந்து பார்க்கும்போது தட்டுகிற அந்தப் பச்சையைக் கொல்வதற்கு ஒரு சொட்டு சிவப்பு, ஒரு சொட்டு கறுப்பு, மறுபடி ஒரு சொட்டு என்று பாதி நாள் போனது. ஆரஞ்சுத் தோலைத் தண்ணீர் விட்டு, வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளால் தேய்த்தேன். தேய்த்த இடம் சாம்பல் பூத்தது போல் செத்துக் கிடக்கும். அதன்மேல் காம்பவுண்ட் என்கிற பாலிஷ் பசையை வைத்து மெஷினை ஓட்டினால் நடுவிலிருந்து மெல்ல உயிர் வரும். முதலில் தூணின் நிழல் கலங்கலாகத் தெரியும், பிறகு தூண், பிறகு தூணில் மாட்டியிருக்கிற என் சட்டை, கடைசியில் சட்டையின் பொத்தான். கடைசியாக மெழுகைப் பூசி, அது வெள்ளையாகப் பூத்ததும் துடைத்தேன்.

வெளியே தள்ளி நிறுத்தினேன். எதிர்ப் பக்கத்துச் சில்வர் ஓக் மரங்கள் கதவில் நேராக நின்றன. ஓர் இலைகூட நடுங்கவில்லை. நானே முட்டி போட்டு, சாய்ந்து, படுத்துப் பார்த்தேன். என் வேலை எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று எனக்கே தெரியவில்லை. கீழே வேலை பழகிய பட்டறையில் இதைக் காட்டியிருந்தால் ஒருவரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள் என்று பெருமையாக இருந்தது. கடைசியில் குனிந்து என் மூஞ்சியையும் பார்த்துக்கொண்டேன்.

அவர் வந்து வண்டியை எடுத்துப் போனார். நாலைந்து நாள் கழித்து அவர் ஊரைக் காலி செய்துகொண்டு போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். வண்டியை மறந்துவிட்டேன்.

அந்த வாரமே வெள்ளிக்கிழமை காலையில் ஷெட்டுக்கு முன்னால் ஹாரன் கேட்டது. திரும்பினால் அந்தக் கருநீல வண்டி. முன்னால் சாமந்தி மாலை, கண்ணாடியில் சந்தனம், குங்குமம். ஸ்டியரிங்கில் மாமா. பின்சீட்டில் தலையணையைச் சாய்த்துக்கொண்டு அக்கா. கோவிலுக்குப் போய்விட்டு நேரே வருகிறார்கள்.

மாமா இறங்கி வந்த நடையே வேறாக இருந்தது. "வாசலுக்கு வர்ற வரைக்கும் யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன் மாப்ள. கண்ணுபட்டுரும் பாரு. உங்கிட்டக்கூடச் சொல்லல, கோவிச்சுக்காத."

நான் கையிலிருந்த ஓஸை மூடாமலே நின்றிருக்கிறேன். தண்ணீர் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்துத்தான் வாங்குனீங்களா மாமா?" என்றேன்.

"இதென்ன கேள்வி. அந்த ஆபீஸ்காரரு உன் ஷெட்டுலதான் மூணு நாளு வேல நடந்துச்சுன்னாரு. நீ கை வெச்ச வண்டிய நான் பல்லப் புடிச்சுப் பாக்கறதா? கதவக்கூடத் தொறந்து பாக்கலையே, சாவிய வாங்கிட்டு வந்துட்டேன்."

அக்கா மெதுவாக இறங்கிக் கதவைச் சாத்தினாள். அந்தக் கதவு, நான் அரை நாள் நிறம் கலந்த கதவு. அதில் தெரிந்த தன் உருவத்தைக் குனிந்து பார்த்தாள். அக்காவின் கன்னம் ஒட்டிப்போய், கண்ணைச் சுற்றிக் கறுத்துப்போய் ஒரு வருடமாகிறது. கருநீலத்தில் அதெல்லாம் தெரியவில்லை.

"ஏனுங்க, இங்க பாருங்க. மொகம் எவ்வளவு நல்லாத் தெரியுது" என்று மாமாவைக் கூப்பிட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "உன் கைக்கு ஒரு காப்பு போடோணுங் கண்ணு. இனிமே நான் படுத்துட்டே வருவேன்" என்றாள்.

பின்சீட்டில். இடது பக்கம். அந்தப் போல்டுக்கு மேல்.

சொல்லாமல் விட்டுவிட முடியுமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அதை மறைக்கப் போவதில்லை. ராத்திரியில் ரகசியமாக வாங்கிப் போய் வெல்டிங் செய்துவிட்டு வந்து வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று என் புத்தி ஓடியது. அதற்குள் மாமா, "நாளைக்குச் சனிக்கெழம, இதுலதான் ஆஸ்பத்திரிக்கு" என்றார். நான் உள்ளே போய் ஒரு வாட்டர் பேப்பரையும் ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துக்கொண்டு வந்தேன். ரன்னிங் போர்டுக்கு முன்னால் மண்டியிட்டேன்.

"மாப்ள, என்ன பண்ற?" என்று மாமா பதறினார்.

தேய்த்தேன். முதலில் மினுமினுப்பு போய் வெளிறியது, அது கிளியர் கோட். பிறகு என் விரலெல்லாம் நீலம். நீலத்துக்கு அடியில் சாம்பல் நிறப் பிரைமர், அதற்கு அடியில் நான் வைத்த பட்டி மஞ்சளாக, அதற்கு அடியில் முன்னால் எவனோ வைத்த பட்டி அழுக்கு ரோஸாக. மரத்தை அறுத்தால் வளையம் தெரிவது போல ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கடைசியில் தகரம் வர வேண்டும். வரவில்லை. காப்பித்தூள் மாதிரி துரு உதிர்ந்தது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். பிடி வரைக்கும் உள்ளே போனது.

நான் எழுந்து முன்பக்கக் கதவை முட்டியால் தட்டிக் காட்டினேன். "இது தகரம் மாமா." கீழே தட்டினேன். "இது பட்டி." பிறகு மிதியடியைத் தூக்கி உள்ளேயும் தட்டினேன்.

மாமா குனிந்து தன் கையால் ஒரு தடவை தட்டிப் பார்த்தார். டங். பொத். அவர் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. கோபம் வந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"இது உனக்கு முன்னமே தெரியுமா?" என்றார்.

"தெரியும் மாமா. ஆனா நீங்க வாங்கறீங்கன்னு சத்தியமாத் தெரியாது. எவனோ வாங்கறான்னு நெனச்சேன். தெரிஞ்சிருந்தா உட்ருப்பனா?"

அக்கா ஷெட் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ரொம்ப நேரம் நிற்க முடியாது. என்னைத் திட்டவில்லை. அவளுக்குப் புரியாத ஒன்றைக் கேட்பது மாதிரித்தான் கேட்டாள்.

"எவனோ வாங்கறதுன்னா, அவன் ஊட்லயும் ஒருத்தி பின்னாடி படுத்துட்டு வர மாட்டாளா கண்ணு?"

பதினோரு வருடமாக எத்தனை பேரை, எத்தனை வண்டியை, எத்தனை மூஞ்சியை மனசுக்குள் காறித் துப்பியிருக்கிறேன். அந்த ஆபீஸ்காரர் மலைக்காரனுக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னபோது அவர் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டினவன் நான். அவர் பொய் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பொய்யை யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி மூன்று நாள் உட்கார்ந்து பாலிஷ் போட்டுக் கொடுத்தவன் நான். இதில் நான் யாரை ஏளனம் செய்ய?

அன்றைக்கே அந்த வண்டியைக் கீழே ஓட்டிப் போனேன். அக்கா போக வேண்டிய செவ்வாய், சனிக்கிழமைகளில் மட்டும், தெரிந்தவன் ஒருவனின் ஜீப்பை இரவல் வாங்கி நானே கூட்டிப் போய்க் கூட்டி வந்தேன். மீதி நாளெல்லாம், முன்னால் நான் வேலை பார்த்த பட்டறையிலேயே நின்று, பட்டியை எல்லாம் சுரண்டி எடுத்து, துருப் பிடித்த தரையையும் ரன்னிங் போர்டையும் வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வைத்தேன். சீட்டின் நாலு போல்டையும் புதுத் தகட்டில் இறுக்கினேன். அதன்மேல் துருப் பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு மட்டும் அடித்தேன். நீலம் அடிக்கவில்லை. கிளியர் கோட் இல்லை, வாக்ஸ் இல்லை. மேலே கருநீலமும் கீழே செங்கல் நிறத்தில் ஒரு பட்டையுமாக, வெல்டிங் தழும்பெல்லாம் வெளியே தெரிய, பார்க்கச் சகிக்கவில்லை. என் கையிலிருந்து அப்படி ஒரு வண்டி வெளியே போனதே இல்லை.

மூன்றாம் வாரம் அதை எடப்புளி நாட்டுக்கு ஓட்டிப் போய் அவர்கள் வாசலில் நிறுத்தினேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக என் வண்டிச் சத்தம் கேட்டாலே, "வா கண்ணு, சாப்ட்டுட்டுப் போலாம்" என்பாள். அன்றைக்கும் சொன்னாள். சொல்லாமல் விடுகிறவள் இல்லை அவள்.

நான் சாவியை நீட்டினேன். மாமா வாங்க வந்தார். வந்தவர் சாவியை வாங்கவில்லை. என்னைத் தாண்டிப் போய் வண்டியின் பக்கத்தில் குந்தினார். விரல் முட்டியை மடக்கி ரன்னிங் போர்டைத் தட்டினார். டங். ஒரு சாண் தள்ளித் தட்டினார். டங். கதவைத் திறந்து, மிதியடியைத் தூக்கி, தரையில் தட்டினார். நாலு போல்டையும் ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பிறகு அந்தப் பக்கம் போனார், நான் கையே வைக்காத பக்கம். அங்கேயும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அக்கா கட்டிலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வண்டியை முழுக்கச் சுற்றி வருகிற வரைக்கும் நான் சாவியை நீட்டிக்கொண்டே நின்றேன்.